தம்பியின் பாதி வயல்

அப்பாவின் சோள வயலைக் குறுக்கே கயிறு பிடித்து அளந்து, எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாகப் பிரித்தவள் நான். ஒரு சாண்கூடப் பிசகவில்லை. பதினோரு வருஷமாக என் பாதியில் ஒன்பது மூட்டை விளையும். அவன் பாதியில் ஐந்தைத் தாண்டாது.

"வயல்ல வேலை செய்யறியா, நின்னுக்கிட்டே தூங்கறியா?" என்று அவன் மனைவி எதிரிலேயே கேட்பேன். அவன் சிரித்துக்கொள்வான். ஊரில் யாருடைய பம்புசெட் நின்றாலும் அவன்தான் போய் ஓட வைப்பான். அப்படிப்பட்டவனைத்தான் சோம்பேறி என்றேன்.

இந்த வருஷம் அவன் கால் முறிந்து படுத்துவிட்டான். இரண்டு பாதியிலும் நானே ஒரே நாளில் ஒரே விதையை விதைத்தேன். உரம், தண்ணீர், களையெடுப்பு எதிலும் வித்தியாசம் வைக்கவில்லை. அவன் பாதியில் அதே ஐந்து மூட்டைதான். மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தேன். என் பக்கம் இடுப்பாழம் வரை களிமண். அவன் பக்கம் ஒரு முழத்துக்குக் கீழே வெறும் மணல், ஈரமே தங்கவில்லை.

அவன் கட்டிலருகே போய்ச் சொன்னேன்.

"ரெண்டாவது வருஷமே தெரியும்க்கா."

"ஏன்டா சொல்லல?"

"அக்கா அளந்தா அளந்ததுதான்னு ஊரெல்லாம் பெருமையடிச்சவன் நான். எப்படிச் சொல்றது?"

மறுநாளே வரப்பை வெட்டிவிட்டு, வயலை நீளவாக்கில் பிரித்தேன். இப்போது இருவர் பங்கிலும் களியும் மணலும் உண்டு. அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.