ஏறக்கூடாத பிரமிட்டுக்கு ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?

குழுவைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா போகிற தொழிலில் சரித்திரம் தெரிந்திருக்கத் தேவையில்லை. கழிவறை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். ஒரு கல்யாணத்துக்கு ஒரு வேன் நிறையச் சொந்தக்காரரை நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், நான் சொல்லப்போவது எல்லாம் உங்களுக்கும் நடந்ததுதான். இடம்தான் கொஞ்சம் தூரம்.

சுவிஸில் வின்டர்தூர் என்ற ஊரில் ஒரு சின்னப் பயண முகவர் கடையில் வேலை செய்கிறேன். கொழும்புக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. போன வருடம் முதலாளிக்கு யோசனை வந்தது: போர்க்காலத்தில் ஊரைவிட்டு வந்த எங்கள் ஆட்களுக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி உலகம் பார்க்கட்டும். மெக்சிகோ, பன்னிரண்டு நாள், பதினெட்டுப் பேர், பழைய ஸ்பானிய ஊர்களும் மாயர் இடிபாடுகளும். வழிகாட்டியாக யார்? பள்ளிக்கூட நாளில் ஸ்பானிஷ் படித்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். நான் மாலை வகுப்பில் மூன்று மாதம் படித்திருந்தேன். மாட்டிக்கொண்டேன்.

சந்தேகம் கேட்கும் கூட்டம்

புறப்பட ஒரு மாதம் முன் வின்டர்தூரில் ஒரு மண்டபம் எடுத்து விளக்கக் கூட்டம் வைத்தேன். படங்கள் போட்டு, மாயர் நாட்காட்டி, வானியல், பூச்சியத்தைக் கண்டுபிடித்த அறிவு என்று நாற்பது நிமிடம் கதைத்தேன். இரண்டு இரவு விழித்துப் படித்த பேச்சு. முடித்துவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன்.

ஊஸ்டரில் இருந்து வந்திருந்த மலர் அக்கா முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அவரும், உணவகச் சமையலறையில் முப்பது வருடம் நின்ற அவர் கணவர் தவம் அண்ணையும், பேர்ணில் சட்டம் படிக்கிற மகள் அபியும் குடும்பமாக வருகிறார்கள். கூடவே அவர்களின் எதிர்வீட்டுக்காரர் ஊர்ஸ் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரரும். குழுவில் ஒரே சுவிஸ்காரர் அவர்தான். நல்ல கேள்வியாக இருக்கும் என்று ஆவலோடு மைக்கை நீட்டினேன்.

"தங்கச்சி, பருப்புக்கு அங்க தேங்காய்ப்பால் கிடைக்குமோ, இல்லாட்டிப் பவுடர் கொண்டு வரவோ?"

பாதிக் கரண்ட்

மெரிடாவில் எங்கள் ஹோட்டல் முன்னூறு வருடப் பழைய ஸ்பானிய மாளிகை. உயரமான தூண், நடுமுற்றத்தில் நீரூற்று. மலர் அக்கா அறைக்குள் போனதும் பெட்டியைத் திறந்து ரைஸ் குக்கரை வெளியே எடுத்தார். அந்த நாட்டுச் சுவர்ப் பிளக்குக்கு ஏற்ற மாற்றியும் கொண்டுவந்திருந்தார். பிற்பகல் நான்கு மணிக்கு அரிசி போட்டார்கள். சோறு வேகிறது என்ற செய்தி ஒவ்வொரு அறையாகப் பரவி, ஏழு மணிக்கு அவர் வாசலில் ஒன்பது பேர் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றார்கள்.

எட்டு மணிக்கும் அரிசி அரிசியாகவே இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். அந்த நாட்டு மின்சாரம் எங்கள் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அழுத்தம், குக்கர் சூடாகுமே தவிரக் கொதிக்காது என்று விளக்கினேன். கீழே உணவகத்தில் சோளரொட்டியும் கறுப்பு அவரைக் கறியும் சூடாக இருக்கிறது என்றும் சொன்னேன். தவம் அண்ணை மூடியைத் திறந்து, வெந்நீரில் ஊறிக்கிடந்த அரிசியைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"இந்தக் கரண்டை வச்சுக்கொண்டோ இவ்வளவு பெரிய கோபுரம் கட்டினவங்கள்?"

கைதட்டினால் பறவை

சிச்சென் இட்சாவில் பெரிய பிரமிட்டுக்கு முன்னால் நின்று கைதட்டினால், எதிரொலி ஒரு பறவையின் குரல் மாதிரித் திரும்பிவரும். எங்கள் உள்ளூர் வழிகாட்டி ரொபெர்த்தோ தட்டிக் காட்டினார். எல்லோரும் தட்டினார்கள். தவம் அண்ணை தட்டவில்லை. அவர் படிகளை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினார். ஏறத் தடை, சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது, தூரத்தில் நின்று பார்க்கத்தான் முடியும் என்றேன். அவர் கயிற்றைப் பார்த்தார், பிரமிட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏறக்கூடாத பிரமிட்டுக்கு ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

மஞ்சள் ஊர்

ஊர்ஸுக்கு எழுபத்திரண்டு வயது. தமிழில் மூன்று வார்த்தை தெரியும்: ஓம், போதும் என்பதற்குக் காணும், வாங்கோ. மூன்றும் மலர் அக்காவின் சாப்பாட்டு மேசையில் கற்றவை. பஸ் புறப்படுகிற ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் முந்தி வந்து, கதவருகே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து சிலர் ஓடியே வந்தார்கள்.

இசமால் என்ற ஊரில் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்க விட்டேன். ஊர் முழுக்க ஒரே மஞ்சள். வீடு, கடை, மடாலயம், எல்லாம் மஞ்சள். மூன்று மணிக்குப் புறப்பாடு. அதிசயமாக எங்கள் ஆட்கள் எல்லோரும் ஐந்து நிமிடம் முந்தியே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஊர்ஸ் இல்லை. மூன்றரைக்கும் இல்லை. அவருடைய கைபேசி அணைந்திருந்தது. அவருடைய பிரஷர் மாத்திரைப் பெட்டி இருக்கையில் கிடந்தது. அதைக் கண்டதும் மலர் அக்கா அழத் தொடங்கிவிட்டார். "அந்த மனுசனுக்கு எங்களை விட்டால் ஒருத்தருமில்லை" என்றார்.

நானும் தவம் அண்ணையும் ஒரு குதிரை வண்டியைப் பிடித்தோம். குதிரைக்குத் தலையில் பூ வைத்த தொப்பி. நான்கு தெரு தேடி ஐந்தாவதில் கண்டோம். ஒரு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில், முகம் தக்காளி மாதிரிச் சிவந்து, யாரோ ஓர் அம்மா கொடுத்த தண்ணீர்ப் போத்தலோடு இருந்தார். மஞ்சள் வீட்டில் இடப்பக்கம் திரும்பவேண்டும் என்று அடையாளம் வைத்துப் போனாராம். தவம் அண்ணை அவரைத் தோளில் பிடித்து வண்டியில் ஏற்றினார். பஸ்ஸுக்குள் அவர் காலடி வைத்ததும் எல்லோரும் ஒன்றாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஊர்ஸ் தன் ஜேர்மன் மொழியில் தலைகுனிந்து சொன்னார்:

"நாற்பது வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட நான் பிழையான வீட்டுக்குக் கொடுத்ததில்லை. இன்றைக்கு என்னையே கொடுத்துவிட்டேன்."

நீள மூக்கு

கபா என்ற இடத்தில் ஒரு சுவர் முழுக்க மழைத் தெய்வத்தின் முகங்கள். ஒவ்வொன்றுக்கும் சுருண்டு நீண்ட மூக்கு. ரொபெர்த்தோ விளக்கம் சொல்லத் தொடங்கும் முன்பே எங்கள் பெண்கள் ஆறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையில் குட்டிக்கொண்டார்கள். மனிதர் திகைத்து நின்றார். இது யானை முகமல்ல, இந்த நாட்டில் யானையே இல்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். நான் தமிழில் மாற்றிச் சொன்னேன். மலர் அக்கா அசையவில்லை.

"யானை இல்லாத ஊரிலயும் வந்து இருக்கிறார் எண்டால், அது அவரின்ர பெருமை."

வீதிச் சோதனை

கம்பேச்சேயிலிருந்து பலெங்கே போகும் வழியில் பஸ் மெதுவானது. வீதியோரம் மணல்மூட்டை, துப்பாக்கியோடு நான்கு சிப்பாய்கள். ஒருவன் கையைக் காட்டினான். சாரதி நிறுத்திக் கதவைத் திறந்தான்.

எங்கள் ஆட்கள் எழுந்தார்கள், பையை எடுத்தார்கள், சத்தமில்லாமல் இறங்கினார்கள், வீதியோரம் ஒற்றை வரிசையில் நின்றார்கள். பை வாய் திறந்திருந்தது. கையில் அடையாள அட்டை. ஒருவர் பதற்றத்தில் ரயில் அரைக்கட்டண அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். வழிகாட்டி நான். இறங்கவேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டியவள் நான்தான். நான் வரிசையில் ஐந்தாவதாக, கைப்பையைத் திறந்து பிடித்தபடி நின்றேன். பஸ்ஸுக்குள் மிஞ்சியது ஊர்ஸும் அபியும் மட்டும்.

சிப்பாய்க்கு இருபது வயதுகூட இராது. சாரதியின் பத்திரத்தை மட்டும் பார்க்க வந்தவன், எங்களைக் கண்டு இரண்டடி பின்னால் போனான். ரொபெர்த்தோவிடம் என்னவோ கேட்டான். எல்லாருக்கும் வாந்தியா என்று கேட்கிறான் என்றார் ரொபெர்த்தோ. நான் அதைச் சொன்னதும் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தபடியே ஏறினோம். பஸ் புறப்பட்டது. அபி தகப்பனிடம், "ஒருத்தரும் இறங்கச் சொல்லேல்லையே, ஏனப்பா இறங்கினீங்கள்?" என்று கேட்டாள். தவம் அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்:

"முப்பது வருசமாச் சுவிஸில இருக்கிறம், பிள்ளை. காலுக்கு அது தெரியேல்லை."

கைப்பைக் காவல்

மலர் அக்காவுக்கு ஒரு முழங்கால் செயற்கை மூட்டு. படி ஏறவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு இடிபாட்டிலும் அவர் ஒரு மரநிழலில் இருப்பார். மற்றவர்கள் கைப்பை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் அவர் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். நானும் போட்டேன்.

பலெங்கேயில் சில கோயில்களுக்கு ஏறலாம். நாங்கள் அரண்மனையைச் சுற்றிவிட்டு வந்தபோது மரத்தடியில் பைகள் மட்டும் இருந்தன. தவம் அண்ணை மனைவியின் பெயரைக் கூப்பிட்டுக் கத்தினார். எங்கேயோ மேலே இருந்து பதில் வந்தது. மிகச் செங்குத்தான ஒரு கோயிலின் உச்சியில் மலர் அக்கா, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஏறிவிட்டார், இறங்க முடியவில்லை. கீழே பார்த்ததும் கால் பூட்டிக்கொண்டதாம். தவம் அண்ணை ஏறினார். திட்டப்போகிறார் என்று நானும் பின்னால் ஓடினேன். மேலே போய்ச் சேர்ந்த மனிதர் திட்டவில்லை. மூச்சு வாங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்து, மனைவியின் முழங்காலில் கையை வைத்தார். கீழே காடு, வெள்ளைக் கோபுரம், எங்கோ குரங்குகள் உறுமும் சத்தம். "ஏன் மலர்?" என்று மட்டும் கேட்டார். "ஏழு நாளா நான் பார்த்தது கைப்பை மட்டும்தான்" என்றார் அவர். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்தேன். பார்க்க எனக்கும் வெட்கமாக இருந்தது.

இருவரும் அரைமணி நேரம் அங்கேயே இருந்தார்கள். பிறகு மலர் அக்கா படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நகர்ந்து இறங்கினார். முன்னால் தவம் அண்ணை, பக்கத்தில், உதவிக்கு ஏறிவந்த ஊர்ஸ். கீழே நின்ற முழுக் குழுவும் இடக்கால், வலக்கால், குனியுங்கோ, நிமிருங்கோ என்று கத்திக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் அவர் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"ஏறேக்க ஒருத்தரையும் காணேல்லை. இறங்கேக்க மட்டும் எல்லாரும் டாக்டர்."

கேள்வித்தாள்

திரும்பி வந்த கிழமை முதலாளி எல்லோருக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். சுவிஸ் வழக்கப்படி ஒன்றிலிருந்து ஆறு வரை புள்ளி. இந்தத் தொழிலில் நான் தொடர்வதா, கொழும்பு டிக்கெட்டுக்கே திரும்புவதா என்பது அந்தத் தாள்களில் இருந்தது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். புள்ளிகள் மோசமில்லை. அடுத்த வருடமும் போகலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. 'இந்தப் பயணத்தில் உங்களை மிகவும் கவர்ந்தது எது?' என்ற கடைசிக் கேள்விக்கு ஒருவர் நல்ல வடிவான கையெழுத்தில் எழுதியிருந்ததை மட்டும் அவர் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்:

"போற வழியில மாட்ரிட் விமான நிலையத்தில குடிச்ச கோப்பி."

மாயர்கள் இவ்வளவு அழகான நகரங்களை ஏன் கைவிட்டுப் போனார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் மண்டையைப் போட்டு உடைக்கிறார்களாம். என்னைக் கேட்டால், யாரோ அவர்களிடம் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.