அரை நிமிட மௌனத்தில் ஒரு மூச்சு

வானொலிக்காரனுக்கு மௌனம் என்பது ஒரு கோளாறு; மெலிந்த ஒலியும் அப்படித்தான். காரில் ஒரு நிலையம் காதைப் பிளக்க, அடுத்தது முனக, குமிழைத் திருகித் திருகிக் கை நொந்த உங்களுக்கு அது விளங்கும்.

எல்லாம் ஒரே உரப்பு

ரொறன்ரோவில் எங்கள் தமிழ் எஃப்எம்மின் ஒலி அக்கம்பக்கத்து நிலையங்களைவிட மெலிந்திருந்தது. தொழில்நுட்பம் பார்க்கும் நான் கொம்பிரசர் என்ற ஒலிக்கருவி ஒன்றைப் பூட்டினேன். அது உரத்ததை அமுக்கும், மெல்லியதைத் தூக்கும், சமதர்மவாதி. எதைத் தூக்குவது என்ற விவஸ்தை மட்டும் கிடையாது. அறிவிப்பாளர் யசோ வாசித்த செய்தியும் அவள் இருந்து வாசித்த கதிரையின் கிறீச்சும் ஒரே உயரத்தில் போயின. யூனியன்வில்லிலிருந்து ஒரு நேயர் அழைத்தார்: "தங்கச்சி, செய்தி நல்லாயிருக்கு. அந்தக் கதிரைக்கு ஒருக்கா எண்ணெய் விடுங்கோவன்."

ஒஷாவா இரைச்சல்

தூரத்து ஊரான ஒஷாவாவுக்கு எங்கள் அலை களைத்துத்தான் போய்ச் சேரும். களைத்த அலையை ஸ்ரீரியோவாக இரண்டாய்ப் பிரித்தால் இரைச்சல், மோனோவில் ஒன்றாகவே விட்டால் அடங்கும். இரைச்சல் என்று அங்கிருந்து முறையிட்ட ராஜி அன்ரிக்கு இதைத் தொலைபேசியில் விளக்கித் தோற்று, அவர் வீட்டுக்கே போனேன். அவர் கணவர் வாமதேவன் எங்கள் நிலையத்தில் பல வருடம் மரண அறிவித்தல் வாசித்தவர். அறிவித்தல் முடிய அரை நிமிடம் மௌனம் என்ற வழக்கமும் அவர் தொடங்கியதே. போன வின்ரரில் அவருடைய பெயரையே யசோ வாசிக்க நேர்ந்தது.

அன்ரியின் வானொலிப் பொத்தானை மோனோவுக்கு மாற்றினேன். இரைச்சல் நின்றது. அன்ரி வானொலியில் காதை வைத்துச் சொன்னார்: "இப்ப ஒருத்தரும் குறுக்கால நிக்கேல்லை, தம்பி."

வெற்றறை

அடுத்த நாள் காலை அன்ரி அழைத்தார். மரண அறிவித்தல் முடிந்த மௌனத்தில் மூச்சுக் கேட்டதாம்: இழுத்து, இடையில் தடக்கி, விடும் மூச்சு. பேச்சு நின்றதும் கொம்பிரசர் அறையின் அசுமாத்தம், சிறு சத்தம் எல்லாவற்றையும் தூக்கும், கேட்டது யசோவின் மூச்சு என்று விரிவுரை ஆற்றினேன். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டேன். மூச்சு இருந்தது. தடக்கலும்.

மைக்குக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும்படி யசோவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அந்த நேரம் நான் வெளியில வந்து தேத்தண்ணி ஊத்திறனான், அண்ணை. உள்ளுக்க ஒருத்தரும் இல்லை."

ஒரு திருகு

மருந்து எளிது: மௌனத்தைத் தூக்காதபடி கொம்பிரசரில் ஒரு திருகு. திருகினேன். மறுநாள் மௌனம் மௌனமாகவே போனது. மத்தியானம் அன்ரி பஸ் மாறி மாறி, சப்பாத்தில் ஸ்னோவோடு நிலையத்துக்கே வந்துவிட்டார். ஏசவில்லை. கொம்பிரசரைக் காட்டச் சொன்னார். அதன் பச்சை விளக்குகளைப் பார்த்தபடியே சொன்னார்: "முப்பத்தாறு வருசம் பக்கத்தில படுத்துக் கேட்ட மூச்சு, தம்பி. எனக்குத் தெரியாதே? அரை நிமிசம்தானே, விடுங்கோவன்."

திருகைப் பழையபடி விட்டுவிட்டேன். ஒரேயொரு நேயருக்காகத் தவறாமல் வேலைக்கு வரும் அறிவிப்பாளரை நிறுத்தும் அதிகாரம் தொழில்நுட்பக்காரனுக்கு இல்லை.