பாரிசுக்கு இரண்டரை மணி நேரம்

ரங்கூனில் துரைமார் வீடுகளில் ஆயாவாக இருபது வருஷம் வேலை பார்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் நான் வளர்த்த பிள்ளை ஒன்றுகூட என் கையில் மெலிந்ததில்லை.

ஏரிப் பக்கத்து வீட்டில் எமிலி பாப்பாவுக்கு ஆறு வயது. துரை சீமைக்குப் போயிருந்தார். கப்பலில் கடிதம் வந்தது. வருகிற வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லண்டனில் ஆகாயக் கப்பல் ஏறிப் பாரிசுக்குப் போகிறாராம். இருநூறு மைலுக்கு மேல். நம் ஊரில் பியின்மனாவுக்கு ரயில் போகிற தூரம். அதை இரண்டரை மணியில் பறந்துவிடுமாம், நடுவில் கடல் வேறு.

அந்த வியாழக்கிழமை துரைசாணி காய்ச்சலில் படுத்திருந்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பாப்பா வாயைத் திறக்கவில்லை.

"எஞ்சின் நின்னா அப்பா கடல்ல விழுந்துடுவாரு. அவரு இறங்கற வரைக்கும் சாப்பிட மாட்டேன், ஆயா."

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி எட்டு. "இப்பத்தான் ஏறியிருக்காரு. பத்தரைக்கு இறங்கிடுவாரு, சாப்பிடலாம்" என்றேன். பத்தரை அடித்ததும், "இறங்கியாச்சு, பாப்பா!" என்று கையைத் தட்டினேன். இரண்டு முட்டை தின்றுவிட்டுத் தோட்டத்தில் குதித்தது.

பட்லர் அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தார். "ஆயாம்மா, லண்டனைவிட நம்ம ஊர்க் கடிகாரம் ஆறரை மணி முந்தி ஓடுது. அங்க இப்ப விடியக்காலம் நாலு மணி. துரை குறட்டை விட்டுக்கிட்டிருப்பாரு!"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. சாப்பிட்டுச்சில்ல, விடுங்க" என்றார்.

விட்டிருக்கலாம். ஆனால் இனிமேல்தானே ஏறப்போகிறார்? ஏதாவது ஆகிவிட்டால், இறங்கிவிட்டார் என்று சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வேன்? பாப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பொய் சொன்னே! நீ பொய் சொன்னே!" கையிலிருந்த மரக்கரண்டியால் என் தோளில் அடித்தது.

"பொய் இல்ல கண்ணு. தெரியாம தெரிஞ்சவ மாதிரி சொல்லிட்டேன். அது என் தப்பு."

பகல் சாப்பாட்டைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. லண்டனில் எட்டு அடிக்கிற நம் இரண்டரை மணியிலிருந்து இருவரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து அடித்தது.

"இறங்கிட்டாரா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. "தெரியாது, பாப்பா. தந்தி வந்தாத்தான் தெரியும்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மடியில் சாய்ந்து, "பால் குடு" என்றது.

மறுநாள் காலை தந்தி வந்தது. துரை பத்திரம்.

அவர்கள் சீமைக்குத் திரும்பியபோது அடுத்த வீட்டு வேலைக்குக் காட்ட துரைசாணி எனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மற்ற ஆயாமார் சீட்டில் கைசுத்தம், நல்ல நடத்தை என்று இருக்கும். என்னுடையதை அந்தோணி படித்துச் சொன்னார்: "தனக்குத் தெரியாததை இவள் தெரியாது என்று சொல்வாள். என் மகள் இவளைத்தான் நம்புவாள்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் பிள்ளையைச் சாப்பிட வைக்க எதையாவது சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள். ஒரு வேளை பட்டினியைப் பிள்ளை தாங்கும்.