அறை வாங்கியபின் கேட்ட கேள்வி

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். அப்படி ஒரு கட்டட வேலையில் நான் சித்தாளாக இருந்தேன்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவருக்கும் கொழுந்தனுக்கும் வாக்குவாதம். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொல்கிறது வேதம். வாள் இல்லாதவன் வஸ்திரத்தை விற்றாவது ஒன்று வாங்கட்டும் என்றும் அதே வேதத்தில் இருக்கிறது.

"இன்னாண்ணே இது? எவனாவது கை நீட்டுனா வாங்கிக்கினு நிக்கணுமா, திருப்பிக் குடுக்கணுமா?" என்றார் கொழுந்தன். கணவர் ஒரு வசனத்தைச் சொன்னால் அவர் மற்றதைச் சொன்னார். குழம்பு ஆறியதுதான் மிச்சம்.

மறுநாளே அந்தக் கேள்வி என் கன்னத்தில் வந்து விழுந்தது.

எங்களோடு வேலை செய்த பெண் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. ஜல்லிக் கூடையோடு சாரத்தில் ஏறச் சொன்னார் மேஸ்திரி. அவள் தலை சுற்றி, கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாசமா கீற பொண்ணு, மேஸ்திரி. அத்தோட கூடையையும் நானே தூக்கிக்கினு போறேன்" என்றேன்.

"நீ யாருடி நடுவுல?" என்று பளாரென்று அறைந்தார்.

காது அடைத்துப்போனது. காலடியில் மண்வெட்டி கிடந்தது. பொய் சொல்ல மாட்டேன், கை அதை நோக்கித்தான் போனது. தலையைக் குனிந்து கூடையைத் தூக்கவும் மனம் ஒப்பவில்லை. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பிடித்துக் கொண்டுபோய்ப் பிரதான ஆசாரியன் முன்னால் விசாரணைக்கு நிறுத்தி, சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. மறு கன்னத்தையும் காட்டவில்லை. ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார்.

நானும் கேட்டேன். நின்ற இடத்திலேயே நின்று, அவர் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி.

"நான் சொன்னது தப்புன்னா இன்னா தப்புன்னு சொல்லு மேஸ்திரி. நாயம்னா, இன்னாத்துக்கு அடிச்சே?"

"போய் வேலையப் பாரு" என்று முனகினார். மறுபடியும் கேட்டேன். பின்னால் தொப்பென்று ஒரு கூடை இறங்கியது. அடுத்து இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் சித்தாள்கள் அத்தனை பேரும் என் பக்கத்தில்! கொத்தனார்களும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வேலை நின்றதைப் பார்த்து இஞ்சினியர் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா" என்றார்.

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "தப்புதாம்மா. கை நீட்டியிருக்கக் கூடாது."

அன்று முதல் அந்தப் பெண்ணுக்குச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. பிரசவத்துக்குப் போகும்வரை அவள் கூடை தூக்கவே இல்லை. அன்று சாயங்காலம் ரயிலடிக்கு நாங்கள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! கன்னம் வீங்கியிருந்தது. வாயெல்லாம் சிரிப்பு.

அந்த இரண்டு வசனங்களையும் எப்படிப் பொருத்துவது என்று இன்றும் எனக்கு விளக்கத் தெரியாது. ஆனால் எரிகிற கன்னத்தோடு நிமிர்ந்து நின்று ஒருத்தி நியாயம் கேட்டால், அடித்த கை தானாகத் தாழும் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.