வராத மகனின் சம்பளம்

ஊர்காவற்றுறையில் கணக்கும் வருமான வரியும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சந்தைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. ஆட்கள் காகிதங்களைப் பையோடு மேசையில் வைத்துவிட்டு, படகு போய்விடும் என்று ஓடிவிடுவார்கள். வரி ரிட்டர்ன் கொடுக்கிற நவம்பரை விட்டால் மனித முகத்தைக் காண்பதே பெரிய காரியம். வெளியில் சொல்வதில்லை, ஆனால் தனிமை என்னை நன்றாகவே தின்றது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்: சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிற சம்பளத்தை வியாபாரச் செலவாகக் கழிக்கலாமா? கழிக்கலாம். பிள்ளை உண்மையாக வேலை செய்ய வேண்டும். அதே வேலைக்கு வெளியாளுக்கு என்ன கொடுப்போமோ அதற்கு மேல் போகக்கூடாது. ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதியும் கட்ட வேண்டும். இதை நித்திரையிலும் சொல்வேன். எழுவைதீவு மரியநாயகம் அண்ணையிடம் மட்டும் அதைச் சொல்வது சுலபமாக இருக்கவில்லை.

அண்ணைக்கு மூன்று படகுகள்; நண்டு வாங்கிக் கம்பனிக்கு அனுப்பும் வியாபாரமும் உண்டு. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் றெஜி கூடவே வேலை செய்ததால் அவன் சம்பளத்தை முறைப்படி கழித்து வந்தோம். அந்த வருடமும் சம்பளம் இருந்தது. ஈ.பி.எஃப். கட்டிய ரசீதுத் துண்டு இல்லை.

“துண்டைக் காணேல்லை அண்ணை.”

“அவன் பிரான்சுக்குப் போட்டான். போன மாரிக்கு முன்னம்.”

“அப்ப இந்தச் சம்பளம்?”

“அது அவன்ர பங்கு. மாதா மாதம் அவன்ர பாங்க் கணக்கில போடுறனான்.”

அவர்கள் வீட்டுப் பழக்கம் அது. பிள்ளை காய்ச்சலில் கிடந்து கடலுக்குப் போகாவிட்டாலும் அன்றைய பிடியில் அவனுக்கு ஒரு பங்கு ஒதுக்குவார்கள். அண்ணை பொய்க்கணக்கு எழுதவில்லை. ஆனால் வரிக் கந்தோருக்கு அது பொய்க்கணக்குத்தான். பிடிபட்டால் தண்டம் கட்டுவதோடு, அவர் தேடிவைத்த நல்ல பெயரும் போய்விடும்.

“இதை எழுத ஏலாது அண்ணை.”

“எழுதும். அவன் திரும்பி வருவான்தானே.”

“வாறனெண்டு சொன்னவரோ?”

அண்ணை காகிதங்களைத் திரும்பப் பைக்குள் வைத்தார். என்னுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் எரிச்சலும் வந்தது.

“உமக்கு ஏலாதெண்டால் யாழ்ப்பாணத்தில ஒராளைப் பிடிக்கிறன்,” என்று எழும்பினார்.

“பிடியுங்கோ. ஒண்டும் கேளாமல் எழுதித் தாறவரெண்டால் அவரிட்டையும் போகாதேங்கோ.”

வாசல்வரை போனவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

“கூடுதலா வாற வரியைக் கட்டுறன். காசு போடுறதை நிப்பாட்டச் சொல்லாதையும்.”

“போடுங்கோ, அது உங்கட காசு. சம்பளமெண்டு மட்டும் நான் எழுதமாட்டன். காசு கிடக்கிறது தம்பி றெஜிக்குத் தெரியுமோ?”

“சொல்லேல்லை. சொன்னால் வேண்டாமெண்டிடுவான். பிறகு நான் ஆருக்குப் பங்கு வைக்கிறது?”

றெஜியின் சம்பளத்தைச் செலவிலிருந்து எடுத்து, அண்ணையின் சொந்தச் செலவில் போட்டேன். சட்டப்படி அதற்கு அதுதான் இடம்.

நான் படித்துக்கொண்டது இதுதான். கணக்கில் பிள்ளையின் பெயர் வந்தால், துண்டைத் தேடுவதற்கு முன் பிள்ளை இப்போது எங்கே என்று கேளுங்கள். கேட்டால் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அந்த வருடம் முழுவதும் மகனைப் பற்றித் தன்னிடம் கேட்டது நான் ஒருவன்தான் என்று அண்ணை பிறகொரு நாள் சொன்னார்; நான் கேட்டதும் துண்டைத் தேடப்போய்த்தான்.