ருமியாத்தியின் சோதனை ஓட்டம்

ஆசைப்பட்டு பவர் ஸ்டியரிங் வேலைக்கு வந்தவளில்லை ருமியாத்தி. பூர்னோமோ மேலிருந்த ஆத்திரத்தில் கற்றுக்கொண்டாள்.

இருபத்தெட்டு வயதில் அவள் ஜாவாவின் மாலாங் நகரில் ஒரு பெரிய கார்ப் பட்டறையில் உதிரிபாகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூர்னோமோ அங்கே தலைமை மெக்கானிக். ஒருமுறை டாக்டர் ஹதியான்தோவின் கார், பட்டறையிலிருந்து போன ஒரே வாரத்தில், பாத்து மலைச் சரிவில் ஸ்டியரிங் இறுகி ஆப்பிள் தோட்டத்துச் சுவரில் முட்டியது. டாக்டருக்குக் கை முறிந்தது. திறந்து பார்த்தால், ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவில் பிரேக் ஆயில். ரப்பர் சீல்கள் ஊறி உப்பி, இருந்ததெல்லாம் ஒழுகிப்போயிருந்தது.

"ருமியாத்தி எடுத்துக் குடுத்ததைத்தான் ஊத்தினேன்," என்றான் பூர்னோமோ. "பாட்டிலைப் படிச்சுப் பாக்கத் தெரியாத பொண்ணை உட்கார வச்சா இப்படித்தான்."

அவள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. முதலாளி அதைக் கேட்கத் தயாராக இல்லை. கட்டுப்போட்ட கையோடு வந்த டாக்டரின் முன்னால், பட்டறை ஆட்கள் பதினாறு பேர் பார்க்க, அவளை நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். கேட்டாள். அன்றே வேலையும் போயிற்று. வேலை போனதுகூட அவளுக்கு மறந்துவிட்டது. குனிந்து நின்றபோது பூர்னோமோ பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றானே, அது மறக்கவில்லை.

சுரபாயாவில் முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டங்களை, அதாவது பழைய ஸ்டியரிங் ரேக்குகளைப் பிரித்துச் சரிசெய்யும் ஒரு கூடத்தில் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்து வருடம். கழுவினாள், பிரித்தாள், சீல் மாற்றினாள், கடைசியில் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொன்னாள். பிறகு மாலாங் திரும்பி, அதே பழைய பட்டறைக்கு நேர் எதிரே இடம் பிடித்தாள். பூர்னோமோ அப்போது அந்தப் பட்டறைக்கே முதலாளியாகியிருந்தான். அவன் 'ரேக் போச்சு' என்று சொன்ன கார்கள் சாலையைக் கடந்து இவளிடம் வந்தன. ஒன்றில் பெல்ட் தளர்ந்திருக்கும், இன்னொன்றில் குழாய்க் கவ்வி தளர்ந்து காற்று புகுந்திருக்கும். "எதிர்ல என்ன சொன்னாங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் சாவியை வாங்குவாள்.

ஒரு ஞாயிறு காலை சசோங்கோ வந்தார். பழைய கார்ச் சங்கத்தின் தலைவர். சங்கத்துக் கார்கள் நாற்பதும் பூர்னோமோவிடம்தான் போகும். அவருடைய இருபத்தைந்து வயதுக் கார் வளைவில் முனகியது, ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது.

"பம்ப் மாத்தியாச்சு பு ரும், ரேக்கும் மாத்தியாச்சு. இன்னும் அழுவுது." அந்த ஊரில் அம்மாவுக்கு 'பு', ஐயாவுக்கு 'பாக்'.

அவள் எஞ்சினை ஓடவிட்டு டப்பாவின் மூடியைத் திறந்தாள். எண்ணெய் நுரைத்துக்கொண்டிருந்தது. பெல்ட்டை அழுத்தினாள்; சரி. குழாய்களைப் பிசைந்து பார்த்தாள், சரி. எஞ்சினை நிறுத்தி டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தாள். அடியிலிருந்த வடிகட்டி வலையில் பழைய பம்பின் ரப்பர்த் தூள் தார்போல அடைத்திருந்தது.

"புதுப் பம்புக்குக் குடிக்க எண்ணெய் போகல, பாக். அது காத்தை உறிஞ்சுது. இதைக் கழுவாம ரெண்டு பெரிய சாமானை மாத்தியிருக்கான்." கழுவி மாட்டினாள். "காத்தை வெளியேத்த ஒரு ஆள் ஸ்டியரிங்கைத் திருப்பணும். பூர்னோமோவக் கூப்பிடுங்க."

"வேற ஆள் இல்லையா?"

"இல்ல."

சசோங்கோ கூப்பிட்டால் அவன் வராமல் இருக்க முடியாது. இஸ்திரி போட்ட பாத்திக் சட்டையில் சாலையைக் கடந்து வந்தான். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை நிறுத்தி வைத்து, அவனை உள்ளே உட்கார வைத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவன் திருப்பினான். இருபதாவது தடவையிலேயே டப்பாவில் குமிழி வருவது நின்றுவிட்டது.

"இன்னும் வருது. திருப்புங்க," என்றாள்.

அறுபது தடவை திருப்ப வைத்தாள். சட்டை முதுகோடு ஒட்டியது. ஜாக்கியை இறக்கியதும், "ஓட்டிப் பாக்கணும். நீங்களும் வாங்க," என்று அவனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள். சசோங்கோ பின்னால் ஏறினார். கார் பாத்து மலையில் ஏறியது. வளைவுகளில் ஸ்டியரிங் ஒரு விரலுக்குச் சுழன்றது. டாக்டர் ஹதியான்தோவின் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

பூர்னோமோவின் முகம் மாறியது. "இது எதுக்கு, பு?"

"இறங்கி, அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க. இல்லன்னா இந்த வடிகட்டி விஷயத்தைச் சங்கம் முழுக்க நான் சொல்லுறேன்."

டாக்டர் ஆர்க்கிட் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பூர்னோமோ தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு பிரேக் ஆயிலை எடுத்து ஊத்தினது நான்தான், டாக்டர். இவங்க குடுக்கல," என்றான்.

"இன்னும் சத்தமா," என்றாள் அவள். அவன் திரும்பச் சொன்னான்.

டாக்டர் குழாயை மூடினார். "அது எனக்கு அப்பவே தெரியுமே. நீங்களே அலமாரியில கை விட்டு எடுத்ததை ஜன்னல் வழியாப் பாத்தேன். பட்டறை விவகாரம், நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். வாங்க, டீ குடிக்கலாம்."

பத்து வருடமாக ருமியாத்தி ஒருவன்மேல் மட்டும் குவித்து வைத்திருந்த ஆத்திரம் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் முழுசாகவே இருந்தன.

"பாத்துக்கிட்டே இருந்து என்னைக் குனிய விட்டீங்களா?"

"பழசையெல்லாம் எதுக்கும்மா..."

அவள் திரும்பிப்போய்க் காரில் ஏறினாள். பூர்னோமோ கதவை நோக்கி வருவதற்குள் கிளப்பிவிட்டாள்.

"அவர் எப்படி இறங்கி வருவாரு, பு?" என்றார் சசோங்கோ.

"நடந்து."

சங்கத்துக் கார்கள் அந்த மாதமே இவள் பக்கம் வந்துவிட்டன. மழைக்காலம் தொடங்கியபோது டாக்டரின் மகள் போன் செய்தாள். அப்பாவின் காரில் ஸ்டியரிங் கனக்கிறது, வளைவில் முனகுகிறது, வயசான மனுஷர், அவரால் திருப்பவே முடியவில்லை என்றாள்.

ருமியாத்தி முழுக்கக் கேட்டாள். டப்பாவின் வடிகட்டியாகத்தான் இருக்கும், அரை மணி நேர வேலை என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரேக் போயிருக்கும்மா. பூர்னோமோகிட்ட விடுங்க, அவர்தான் இதுல கெட்டிக்காரர்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அடுத்த காரின் எஞ்சின் மூடியைத் திறந்தாள்.