மூச்சுவிடக் கூடாத குழி

மண்மேட்டைச் சுற்றி மூன்றாவது தடவையாக வந்துகொண்டிருக்கிறார் மாரிக்கனி அத்தை. இடது கையில் சாணியும் செம்மண்ணும் குழைத்த சட்டி. வலது கை மேட்டைத் தடவிக்கொண்டே வருகிறது. ஓரிடத்தில் நிற்கிறது. மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. சட்டிக்குள் கையை விட்டு ஓர் உருண்டை எடுத்து அப்பி, கட்டை விரலால் இழுத்துப் பூசுகிறார். பல் துலக்குவது இதற்குப் பிறகுதான். காப்பி அதற்கும் பிறகு.

"அத்தே, ராத்திரி நல்லாத் தூங்குனுச்சா ஒங்க குழி?" என்று கேட்கிறேன்.

"அது தூங்கிருச்சு. நீதான் முழிச்சே கெடந்த மாதிரி இருக்க. போயி மூஞ்சியக் கழுவுலே."

மேட்டுக்கு அடியில் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நாலடி ஆழத்தில் ஒரு குழி. குழிக்குள் தார்ப்பாய். தார்ப்பாய்க்குள் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக நறுக்கிய புல். மழைக்காலத்துப் புல்லைப் பச்சையாகவே காற்றுப் படாமல் அமுக்கி மூடி, புளிக்க வைத்து, பச்சையே இல்லாத கோடையில் மாட்டுக்குப் போடுவது. மாட்டு டாக்டர் இதை சைலேஜ் என்பார். அத்தை 'ஊறுகாப் புல்லு' என்பார். எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, ஷேர் ஆட்டோ இதற்கு மேல் வராது என்று திரும்பிக்கொள்ளும் இடம். பங்குனியில் இங்கே பச்சையாக இருப்பது வேலிக்கருவையும் பஞ்சாயத்துத் தொட்டியின் பாசியும்தான். இரண்டையும் மாடு தின்னாது.

அத்தைக்கு நாற்பத்திரண்டு வயது. பருத்தி எடுக்கப் போவார், நூறு நாள் வேலைக்குப் போவார், மாடும் வளர்க்கிறார். எதையும் மோந்து பார்த்துத்தான் நம்புவார். பால், தவிடு, மழை, மாமா சொல்லும் காரணங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மூக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் கால்நடை வளர்ப்போருக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. பஸ் ஏறித் தனியாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, மாட்டு டாக்டரிடம் பதினொரு கேள்வி கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் இடம் மாறி உட்கார்ந்தார் என்று கேள்வி. அத்தையும் இடம் மாறி உட்கார்ந்தார் என்றும் கேள்வி. மறுநாள் நூறு நாள் வேலையில் கூட வந்த பெண்களுக்கு அத்தனையும் ஒப்பித்தார். ஒவ்வொருவராக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். நூறு நாள் வேலையில் உண்மையிலேயே வேலை நடந்தது அன்றைக்குத்தான்.

போன வருஷம் முதல் குழி. அத்தை டாக்டர் சொன்னபடியே எல்லாம் செய்து மூடினார். மாமாவால்தான் பொறுக்க முடியவில்லை. ராஜபாண்டி மாமா வைக்கோல் படப்பு போடுவதில் பேர் பெற்றவர். படப்புக்குக் காற்றோட்டம் வேண்டும். இல்லையென்றால் உள்ளே சூடேறி வெந்து, தானாகவே தீப்பிடிக்கும். காய்ந்த வைக்கோலுக்கே அப்படி என்றால் பச்சைப் புல் என்ன ஆகும் என்று அவருக்குக் கவலை. அத்தை பருத்திக்குப் போயிருந்த ஒரு பகலில், போர்வெல் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய் இரண்டை எடுத்து, மேட்டில் ஓட்டை போட்டு, தார்ப்பாய்க்கும் உள்ளே இறக்கிவிட்டார். வெளியே தெரிந்த வாயைத் தென்னோலையால் மறைத்தும் விட்டார். பிறகு கேட்டபோது ஒரே பதில்தான்.

"உள்ள கெடக்கதும் ஒரு சீவன் மாதிரிதான மாரி. மூச்சு விட வேணாமா?"

பங்குனியில் திறந்தார்கள். மேலிருந்து அடி வரைக்கும் கறுப்பு. கையை வைத்தால் கொழகொழவென்று வழிந்தது. தெருவில் மூன்று வீட்டில் அன்று சோறு இறங்கவில்லை. படப்பில் வைக்கோலும் இல்லை, வாங்கிப் போட வழியும் இல்லை. அடுத்த வாரம் மாட்டுத் தரகர் காளிராஜ் வந்து, கறவையில் இருந்த செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார். அதன் கிடாரிக் கன்று தொழுவத்தில் நின்று மூன்று நாள் கத்தியது. அத்தை அதை அதட்டவும் இல்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. நான்காம் நாள் அந்த இரண்டு குழாயையும் பிடுங்கிக் கழுவி, மாமாவின் கட்டிலுக்கு அடியில் போட்டார். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கின்றன. எடுத்து வெளியே போடும் தைரியம் மாமாவுக்கு வரவில்லை.

அந்தக் கிடாரி இப்போது சினை. வைகாசி கடைசியில் ஈனும். இந்த வருஷத்துக் குழி அதற்காகத்தான். "இதையும் அந்தாளு கயித்துல கட்டிக் குடுத்தேன்னா, நான் மாடு வளக்கல, காளிராஜுக்கு மாடு வளத்துக் குடுக்கேன்" என்று அத்தை சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தொழுவத்தில் அப்போது கிடாரி மட்டும்தான் இருந்தது.

மார்கழியில் கொழுக்கட்டைப்புல் கதிர் தலைகாட்டியதுமே அரிவாளைத் தீட்டினார். மாமா குறுக்கே வந்தார்.

"இன்னும் பத்து நாள் விட்டா ரெண்டு கட்டு கூடக் கெடைக்கும்ல?"

"கட்டு கூடும், சத்து எறங்கிரும். கட்டயா திங்கப்போகுது?"

வரப்பு நெடுக வேலிமசால் வைத்திருந்தார். பருப்பு வகைச் செடி, புரதம் அதில்தான். மூன்று கட்டுப் புல்லுக்கு ஒரு கட்டு மசால், அதற்கு மேல் ஒரு பிடி சேர்க்க விடவில்லை. மசால் கூடினால் புளிக்காமல் அழுகிவிடும். "புல்லு மாட்டு வயித்துக்கு, மசாலு வயித்துல இருக்க கன்னுக்கு" என்று அவரே பங்கு பிரித்துக்கொண்டார். வெட்டியதை அரைநாள் வெயிலில் வாட்டினார். தண்டை முறுக்கினால் நீர் சொட்டக் கூடாது, ஒடியவும் கூடாது. பால் சொசைட்டியில் இரவல் வாங்கிய புல் வெட்டும் மிஷினில் ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, அரையடி அரையடியாகப் பரப்பி, வெல்லமும் கல்லுப்பும் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் மிதிக்கச் சொன்னார். தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் இறங்கிக் குதித்தோம். குதித்ததற்குத் திட்டு வாங்காமல் சுண்டல் வாங்கியது எங்கள் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஓரங்களை மட்டும் யாரையும் நம்பாமல் அத்தையே குதிகாலால் மிதித்தார். "காத்து மூலையிலதான் ஒளிஞ்சிருக்கும், ஒங்கள மாதிரி" என்றார்.

காற்று இல்லாமல் புளிப்பதைப் பற்றி அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டாம். அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வேறு சில பாடங்களுக்கும் போகவில்லை.

மூடிய மறுநாள் காலை, அத்தை வீட்டுச் சுவரில் கரித்துண்டால் பெரிய எழுத்தில் 'மாரிக்கனி ஊறுகாய் கம்பெனி' என்று எழுதியிருந்தது. எழுதியவன் யார் என்று தெருவில் விசாரணை நடந்தது, இன்னும் முடியவில்லை. அத்தை அதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே அவரே கரியால், 'நாற்பத்தைந்து நாள் கழித்து வரவும்' என்று எழுதி வைத்தார். மேலே இருந்த எழுத்துப் பிழையையும் திருத்தியிருந்தார்.

அந்த நாற்பத்தைந்தில் இருபதாம் நாள் மாட்டுப் பொங்கல் வந்தது. புதிதாக விளைந்தது எதுவானாலும் அன்றைக்கு முதலில் மாட்டுக்கு ஊட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். திருச்சுழியில் கட்டிக் கொடுத்திருக்கும் மாமாவின் அக்கா சோலையம்மாள் வந்திருந்தார். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் அடித்து முடித்ததும் மேட்டைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பாடுபட்டு வச்சிருக்க. நல்ல நாளும் அதுவுமா மாட்டுக்கு ஒரு வாய் குடுக்காம மூடி வச்சிருக்கயே, அது மனசு என்ன பாடுபடும்?"

"இன்னும் இருவத்தஞ்சு நாள் கெடக்கு மதினி."

"ஒரு ஓரமாத் தொறந்து ஒரு கை எடுத்துட்டு மூடிருவோம். சாமிக்குச் செய்யிறதுக்கு டாக்டருகிட்டயா கேப்பாக? தம்பி, அந்த மம்பட்டிய எடு."

மாமா எடுத்தார். அக்கா சொன்னால் எடுத்துவிடுவார். அத்தை புதுச்சேலையோடு மேட்டின் மேல் ஏறி, நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எறங்கு மாரி. சனம் பாக்குது."

"பாக்கட்டும். என்னையும் சேத்துத் தோண்டுங்க."

அன்று பூசை, மாட்டுக்கு ஊட்டல், நாத்தனார் கோபித்துக்கொண்டது, மறுபடி சமாதானம் ஆனது எல்லாம் கீழே நடந்தன. அத்தைக்குச் சர்க்கரைப் பொங்கல் இலையோடு மேட்டுக்கே போனது. கொண்டுபோய்க் கொடுத்தது சோலையம்மாள்தான். "தின்னு தொலை" என்று சொல்லி, நெய்யும் ஒரு கரண்டி கூட ஊற்றினார். திருச்சுழி பஸ் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் அத்தை இறங்கினார்.

அதற்கப்புறம் ஆடுகள் தொல்லை. மேட்டில் ஏறிக் குளம்பால் கிளறின. ஒரு காலையில் பார்த்தால் மேட்டைச் சுற்றி வேலிக்கருவை முள் அடர்த்தியாக வெட்டிப் போட்டிருந்தது. போட்டவன் யார் என்று அதற்கும் விசாரணை நடந்தது. அதுவும் முடியவில்லை. அத்தை மட்டும் பிள்ளைகளின் உள்ளங்கைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, ஒருவனுக்கு மட்டும் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார்.

நாற்பத்தைந்து நாள் தையிலேயே முடிந்தும், வைக்கோல் இருக்கும் வரை திறப்பதில்லை என்று அத்தை காத்திருந்தார். மாசி முடிந்தது. படப்பில் ஒரு வாரத்து வைக்கோல்தான் மிச்சம். பங்குனி முதல் தேதி காலை திறப்பது என்று அத்தை சொல்லிவிட்டார். மாமாவுக்குப் போன வருஷத்து நாற்றம் மூக்கிலேயே இருந்தது. யாருக்கும் தெரியாமல் காளிராஜுக்குப் போன் செய்தார். யாருக்கும் தெரியாமல் என்றால், டீக்கடையில், ஸ்பீக்கரில் போட்டு. "எதுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணே."

காளிராஜ் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, தோளில் துண்டோடு வந்தார். அத்தை மாமாவை ஒரு தடவை பார்த்தார். மாமா வேப்பமரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, போன வருசம் மாதிரியே மணக்குமா?"

"மூக்கப் பொத்திக்கிட்டே நில்லுங்கண்ணே. நல்லா இருந்தாலும் ஒங்களுக்கு ஆகாது."

மண்ணைத் தள்ளி, தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கினார். வெள்ளைப் பூசணம். அதற்கு அடியில் கறுப்பு. காளிராஜ் உச்சுக்கொட்டினார். தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. கேலிக்கென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்களுக்கும் மறந்துபோனது. அத்தை முந்தானையை இறுக்கிச் செருகி, கறுப்பைச் சுரண்டிக் கூடையில் அள்ளி எருக்குழியில் கொட்டினார். ஒரு கூடை. இரண்டாவது கூடை. மூன்றாவது கூடையில் பாதி கறுப்பு, பாதி வேறு நிறம். நான்காவது முழுக்கப் பச்சையும் மஞ்சளும் கலந்து, நறுக்கிய நறுக்கு கலையாமல் வந்தது. முகத்துக்கு நேராகத் தூக்கி மோந்தார். மாங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்த புளிப்பு, சுவரோரம் நின்ற எங்களுக்கே வந்தது.

கிடாரியின் முன்னால் கூடையை வைத்தார். அது குனிந்தது, மோந்தது, ஒரு தும்மல் போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மாடே வேணாங்குது" என்றார் காளிராஜ்.

"மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கே மொத நாள் சோறு எறங்காது. கூச்சம் போகட்டும்." மேலாக ஒரு கைத் தவிட்டைத் தூவிவிட்டு, இடுப்பில் கையை வைத்து நின்றார்.

கிடாரி தவிட்டை நக்கியது. தவிட்டோடு நாலு துண்டு ஒட்டிக்கொண்டு போனது. மென்றது. காதை ஒரு தடவை ஆட்டிவிட்டு, முகத்தைக் கூடைக்குள் விட்டது. பிறகு முகம் வெளியே வரவில்லை. கூடைதான் தரையில் நகர்ந்தது.

"திங்குதுடி" என்றார் மாமா, சாமி சன்னதியில் பேசுவதுபோல.

காளிராஜ் லேசில் விடுகிறவர் இல்லை. "இன்னைக்குத் திங்கும். வைகாசி வரைக்கும் வந்துருமா? சினையோட இப்பக் குடுத்தா நல்ல வெல வரும் தம்பி. எலும்புந் தோலுமா நிக்கையில என்னயத் தேடாதீக." சொல்லிக்கொண்டே தோள்துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு, மாமாவின் பக்கம் நீட்டினார்.

மாட்டு விலையை எங்கள் பக்கத்தில் வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து, பிடித்த விரலைக் கணக்காக வைத்துப் பேசுவார்கள். துண்டு நீண்டுவிட்டால் ஆண்பிள்ளையின் கை தானாகவே போய்விடும். மாமாவின் கையும் எழுந்தது.

"அந்தக் கையால போயி மாட்டுக்குத் தண்ணி எடுத்து வைங்க" என்றார் அத்தை.

மாமாவின் கை வந்த வழியே திரும்பி, வாளியைப் பிடித்தது. துண்டு மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது.

அத்தை குழிக்குள் குனிந்து ஒரு கை அள்ளினார். துண்டின் ஓரத்தைத் தூக்கி, விரிந்திருந்த உள்ளங்கையில் புல்லை வைத்து, துண்டை மறுபடியும் மூடினார். பிறகு துண்டுக்கு மேலேயே காளிராஜின் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.